வேட்பாளர்களின் தலையில் ஒரு கை

அக்காவுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. மற்றது, ஏரித் தண்ணீரில் முங்கி எழுந்த அன்று பாஸ்டர் கொடுத்தது. இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை. காலனிக்கு அவள் அக்கா. ஜெப வீட்டில் சிஸ்டர். அவள் வீட்டுக்காரருக்கு 'இன்னாமே'. புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற காலனியில், அவள் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன்.

கண்ணாடிப் பாட்டில் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் பெல்ட்டில் ஓடி வருகிற பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஷிப்ட் முழுக்க வெளிச்சத்தையே பார்த்துவிட்டு வெளியே வந்தால் தெருவும் வேப்பமரமும் மனிதர்களும் கொஞ்ச நேரம் மிதப்பார்கள். அந்த மிதப்பில்தான் அக்காவை நான் தினமும் பார்த்தேன். இன்று திருநின்றவூரில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி நடுங்குகிற மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நினைத்தாலும், அவள் கால் தரையில் பாவாமல்தான் வருகிறாள். பின்னால் உருக்காலைப் புகை. அதற்கும் பின்னால், அறுத்த வயலின் மேல் தங்கிவிட்ட பனி.

அவள் பேசவே மாட்டாள். ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிற வேலை. சூப்பர்வைசர் கத்தினால் "சரிங்க சார்". பஸ்ஸில் டிக்கெட் கேட்பது கண்டக்டருக்குக் கேட்காது. பக்கத்தில் இருப்பவர்கள்தான் அவளுக்காகச் சத்தம் போட வேண்டும். அந்தக் குரலை நம்பி இவள் எப்படி இத்தனை வருஷம் பிழைத்தாள் என்று குடிவந்த புதிதில் யோசித்திருக்கிறேன்.

முதல் மாதத்தில் ஒரு நாள் எனக்குத் தலைவலி. "ஜெபம் பண்ணட்டுமா கண்ணு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் வேறு சாமி. ஆனாலும் ஒரு தலைவலி ஜெபம் எவ்வளவு நீளம் இருந்துவிடப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். கழுவின கை, ஈரம் காயாமல், சோப்புத் தூள் வாசனையோடு என் உச்சியில் வந்து உட்கார்ந்தது.

"ஆண்டவரே, இந்தப் பொண்ணுக்குத் தலவலியாம். அதுக்கு மாத்திர கீது, அத்த நானே குடுத்துக்கறேன். ஆனா இவ அவங்கம்மாவாண்ட பேசியே ரொம்ப நாளாவுது. அது உமக்குத் தெரியும். அந்தம்மா பள்ளிப்பட்டுல போனையே பாத்துக்கினு குந்தினுகீது. நைனா மேல கீற கோவத்த இவ அம்மா மேல காட்டறா. இந்த வைராக்கியத்த உடச்சுப் போடும் ஆண்டவரே."

குரல் சன்னமாகத்தான் இருந்தது. ஆனால் நடுங்கவில்லை. தண்ணீர் இறங்குவதுபோல ஒரே சீராக இறங்கியது. அது பொய் என்று நான் சொல்லியிருப்பேன். உங்களுக்கென்ன என்று கேட்டிருப்பேன். தலையில் கை இருக்கிறது, கண் மூடியிருக்கிறது, பேச்சு என்னிடம் நடக்கவில்லை. கடவுளிடம் ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து எப்படி மறுப்பது?

முடிந்ததும், "உங்களுக்கு யார் சொன்னா?" என்றேன்.

"நீதான். தூக்கத்துல பேசற," என்று மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அம்மாவுக்கு போன் செய்தேன்.

அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். மனிதர்களின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அவள் கடவுளிடம் சொன்னாள், அந்த மனிதர்களின் காது பக்கத்தில் இருக்கும்போது. மளிகைக் கடைக்காரர் வயிற்று வலி என்று வந்தார். "இவரு தராசுல ஒரு வெரல வைக்கிறத நிறுத்தினா அந்த நிமிஷமே வலி நின்னுடும்னு விசுவாசிக்கிறேன் ஆண்டவரே" என்றாள். அடுத்த முறை வயிற்று வலி வந்தபோது கடைக்காரர் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். உருக்காலையில் கம்பி இழுக்கிற உலைக்கு எதிரே பாதி ஆயுளை நின்று கழித்தவர். நான் போனபோது வேலையை விட்டிருந்தார். வேப்பமரத்தடியில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் துண்டு, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவளும் வற்புறுத்தியதில்லை.

"நான் ஒரே ஒரு தபா தலவலின்னேன்," என்பார் என்னிடம், அவள் காதில் விழும்படி. "கல்யாணமான புதுசு. கைய வச்சா. நான் எங்கெங்க குடிச்சேன், யார் யாராண்ட பொய் சொன்னேன், எல்லாம் மேல போயிருச்சு. அன்னியோட தலவலி போச்சும்மா. வந்தாலும் சொல்றதில்ல."

அக்கா சிரிக்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவள் தோள் மட்டும் சிரிக்கும்.

தேர்தல் வந்தால் இந்த வாசலுக்கு ஆட்கள் வருவார்கள். அவள் கை ராசியான கை என்று ஒரு பேச்சு. ஜெயித்தவர்கள் அவள் கையின் கீழ் குனிந்தவர்கள்தான். தோற்றவர்களும் குனிந்திருந்தார்கள், அவர்கள் அதை வெளியே சொல்லவில்லை. எந்தக் கொடி வந்தாலும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது அவள் வேதத்தில் படித்தது. "ஓட்டு ஒருத்தருக்குத்தான் போட முடியும். ஜெபம் எல்லாருக்கும் பண்ணலாம் கண்ணு." கொடி பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே கண்ணை மூடுவார்கள். ஃபோட்டோ எடுப்பவர் மட்டும் திறந்திருப்பார். ஆண்டவருக்கு அவள் எல்லாவற்றையும் சொல்வாள்: சாயந்திரமானால் டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி, கழுவி வைத்த தட்டில் படிகிற உருக்காலைக் கருந்தூள், போன முறை இதே தலை இதே இடத்தில் குனிந்தபோது என்ன சொன்னது என்பது. நிமிர்ந்து, தலைமுடியைச் சரிசெய்து, "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று வேட்பாளர் அடுத்த வீட்டுக்கு வேகமாக நடப்பார்.

ஓட்டுப் போடுகிற நாளில் உபவாசம். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஜெப வீட்டில் அப்பமும் ரசமும் எடுக்கிற இராப்போஜனத்துக்கு உடுத்துகிற வெள்ளைப் புடவையை உடுத்தி, பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போய், விரலில் மையோடு வந்த பிறகுதான் டீ.

"ராப்போஜனமும் இதுவும் ஒண்ணாக்கா?" என்று கேட்டேன்.

"யார் மேலயாவது கசப்பு வச்சுக்கினு ராப்போஜனம் எடுக்கக் கூடாது. மொதல்ல போய் அவங்களாண்ட சமாதானம் ஆவணும். ஓட்டும் அப்டித்தான். கசப்புல போட்டா அது ஓட்டா? கல்லு."

அதனால் தேர்தலுக்கு முந்தின நாள் சாயந்திரம் அவள் வீடு வீடாகப் போவாள். குழாயடியில் சண்டை போட்டவள், சீட்டில் ஏமாற்றியவள், எல்லோர் வீட்டு வாசலிலும் நின்று, "மனசுல எதுனா இருந்தா மன்னிச்சுக்கோ" என்பாள். காலனியில் அதைப் பார்த்துத்தான் நாளைக்குத் தேர்தல் என்று சிலருக்கு நினைவு வரும்.

யாருக்குப் போட்டாள் என்று யாருக்கும் தெரியாது. "உங்க ஓட்டு எங்க போவுதுன்னு எங்களுக்குத் தெரியாதா, பாஸ்டர் கை காட்டுற பக்கம்தானே" என்று பஸ்ஸில் ஒருத்தர் குத்திச் சொன்னபோது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார், "எனக்காவது சொல்லேன்மே."

"ஆண்டவருக்குத் தெரியும்."

"அவரு வெளிய சொல்ல மாட்டாரே. அதான் பேஜாரு."

நீயே நில்லேன் என்று காலனிப் பெண்கள் ஒரு முறை அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வார்டு பட்டியல் சாதிப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. "நிக்கணும்னா சாதி சர்ட்டிபிகேட்டு வேணும்," என்றாள் அவள். "ஜெப ஊட்டுக்குப் போறவளுக்கு அது கெடையாது. பழைய பேர்ல வாங்கலாம். வாங்கிக்கினு, ஞாயித்துக்கெழம எந்த மூஞ்சியோட போயி ஆண்டவரே நான் வந்துக்கீறேன்னு நிப்பேன்?" பெண்கள் வருத்தத்தோடு கலைந்தார்கள். அன்று அவள் நெடுநேரம் கீரையை ஆய்ந்தாள். ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தாள்.

இனி நான் சொல்லப்போவது ஒரு பஞ்சாயத்துத் தேர்தலின் கதை. அண்ணனின் மூச்சு மேலும் சுருங்கிவிட்ட குளிர்காலம் அது. இருமல் வந்தால் நாற்காலியோடு நகர்ந்துவிடுவார். அக்காவுக்கு ஒரே ஒரு கவலைதான். கல்லறைக்கு வழி இல்லை.

காலனியின் கல்லறை ஏரிக்கரை ஓரம். சிலுவை வைத்த மேடுகளும் வைக்காத மேடுகளும் கலந்து கிடக்கும். அங்கே போக ஒரு வண்டிப்பாதை இருந்தது. அதன் மேல் கன்டெய்னர் யார்டு ஒன்று வந்து உட்கார்ந்து, சுற்றிலும் சுவர் எழும்பிவிட்டது. அதன் பிறகு யார் செத்தாலும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். லாரிகள் வழிவிடும்வரை பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டுரோட்டில் நிற்க வேண்டும். ஆரன் சத்தத்தில் ஒப்பாரியும் கேட்காது, பாட்டும் கேட்காது. தன் புருஷனை அப்படி நடுரோட்டில் நிறுத்தப்போகிறோமே என்று அவளுக்கு உறக்கம் போயிருந்தது.

சுவரைக் கட்டியவர் அக்காவின் ஜெப வீட்டுக்காரரே. காலனியில் பிறந்து, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டராக வளர்ந்து, யார்டைக் குத்தகைக்கு எடுத்தவர். எல்லோரும் அவரை பிரதர் என்பார்கள். அந்த வருஷம் பிரதர் தலைவர் பதவிக்கு நின்றார். சின்னம் பூட்டு சாவி. "செவுரு கட்டினவனுக்குப் பொருத்தமாத்தான் குடுத்துக்கீறாங்க," என்றார் அண்ணன். அவரை எதிர்த்து நின்றவர் ஊருக்குள் நெல் வயல் வைத்திருக்கிற பெரிய வீட்டுக்காரர்.

பாஸ்டர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "போன வருஷம் ஜெப வீட்டை மூடச் சொல்லி மனு குடுத்தாங்க, ஸ்டேஷன் வரைக்கும் அலைஞ்சோம்," என்றார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில். "அடுத்த முறை நாம யார்கிட்ட போய் நிக்கப்போறோம்? அந்த நாற்காலியில நம்ம ஆள் ஒருத்தர் உட்கார வேணாமா?" சபை தலையசைத்தது. அந்தப் பயம் எல்லோர் வயிற்றிலும் இருந்தது, அக்காவின் வயிற்றிலும்தான். பாஸ்டர் பிரதரை முன்னால் அழைத்து மண்டியிடச் சொன்னார். "சிஸ்டர், நீங்க வந்து கை வைங்க."

அன்று எனக்கு வார விடுமுறை. வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வெயிலில் தகரக் கூரை டிக்டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. அக்கா மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தாள்.

"ஆண்டவரே, உம்ம பிள்ளைய உம்ம சமூகத்துல நிறுத்தறோம்."

"ஆமென்," என்றார் பிரதர், கண்ணை மூடி.

"இவரு நம்ம காலனியில பொறந்தவரு. எத்தினியோ பேருக்கு வேல குடுக்கறாரு. ஸ்தோத்திரம்."

"ஆமென்."

"இந்தப் புது ஸ்பீக்கரு இவரு வாங்கிக் குடுத்தது. ஸ்தோத்திரம்."

"ஆமென், ஆமென்."

"இவங்கம்மா சாணி தட்டி வித்து இவரப் படிக்க வச்சாங்க. அந்தம்மா இப்ப நம்ம கல்லறையில தூங்கறாங்க. அவங்கள எடுத்துக்கினு போன வழி உமக்குத் தெரியும். அந்த வழி மேல இப்ப ஒரு செவுரு நிக்குது."

பிரதரின் முதுகு அசைந்தது. பாஸ்டர், நீளமான ஜெபத்தை முடித்துவைக்கிற முறையில், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று குரலை உயர்த்தினார். கீபோர்டு வாசிக்கிறவரும் புரிந்துகொண்டு மெல்ல ஒரு ராகத்தை அடியில் விட்டார். அக்கா காத்திருந்தாள். ஸ்தோத்திரம் மூச்சு வாங்க நின்ற இடத்தில் மறுபடியும் ஆரம்பித்தாள்.

"அத்த இவரு தெரியாமச் செஞ்சிட்டாரு ஆண்டவரே. இவரு கையாலயே அதுல வழி உடுவாரு. ஜெயிச்சாலும் உடுவாரு, தோத்தாலும் உடுவாரு. அப்டின்னு நாங்க விசுவாசிக்கிறோம்."

"ஆமென்," என்றார் பிரதர்.

சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. முப்பது வருஷ நாக்கு அது. ஜெபம் மூச்சு விடுகிற இடத்தில் தானாக ஆமென் போட்டுவிடுகிற நாக்கு. அவர் வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கரில், அவருடைய ஆமென் கூட்டுரோட்டு டீக்கடைவரை போனது. சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தோம்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டுக் கேட்டு வந்த தெருவெல்லாம் அதே பேச்சு. "பிரதர், கடப்பாற வேணுமா? எங்க ஊட்ல கீது." "நாள் பாத்துட்டீங்களா பிரதர்?" ஜெபத்தில் சொன்னது வாக்குறுதி ஆகாது என்று அவருடைய ஆட்கள் வாதாடினார்கள். அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே கை உயர்த்தினார். "கையெழுத்துன்னா வக்கீல வச்சு மாத்திப்ப. ஆமென இன்னா பண்ணுவ நைனா?"

பாஸ்டர் வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டார். "சிஸ்டர், ஜெபத்துல அரசியல் பேசலாமா?"

அக்காவின் குரல் பழையபடி பஸ் டிக்கெட் குரலாகியிருந்தது. "அவர ஜெபத்துல நிக்க வச்சது நீங்கதானே பாஸ்டர்," என்றாள். டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, "நான் வழியத்தான் கேட்டேன்."

பெரிய வீட்டுக்காரருக்கும் செய்தி போயிருந்தது. இரண்டு ஆட்களோடு வந்தார். வாசலிலேயே சொல்லிவிட்டார்: "செவுத்துக்கு அந்தாண்ட என் வரப்பு ஓடுது. ஜெயிச்சா அத்த அகலமாக்கி வழி உடறேன். நாங்க உங்க சாமியக் கும்புடறவங்க இல்ல. ஆனா கை வச்சா வேணாங்க மாட்டேன்." எச்சரிக்கையான மனிதர். கண்ணை மூடவில்லை.

அக்கா கை வைத்தாள். "ஆண்டவரே, ஐயா எங்க வாசலுக்கு வந்துக்கீறாரு. எங்க மாமனாரு செத்தப்போ மழ. ஏரி ரொம்பி வழி முழுகிப்போச்சு. இவங்க நைனாவோட வரப்பு மட்டும் மேடா இருந்துச்சு. ஏறிப் போலாமான்னு ஆள் அனுப்பிக் கேட்டாங்க. ஏறக் கூடாதுன்னு பதில் வந்துச்சு. இடுப்பளவுத் தண்ணியில எடுத்துக்கினு போனாங்க. இவரு அப்போ சின்னப் புள்ள. வரப்பு மேல நின்னு பாத்துக்கினு இருந்தாரு. அத்த இவரு மறக்கல, அதான் இன்னிக்கு வந்துக்கீறாருன்னு விசுவாசிக்கிறேன்."

அவர் ஆமென் சொல்லவில்லை. கூட வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கை எடுக்கப்பட்ட பிறகும் அவர் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே, "மறக்கலம்மா," என்றார்.

அன்று சாயந்திரம் அக்கா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நான் ஷிப்ட் முடிந்து மிதந்துகொண்டே வந்தேன். வேப்பமரத்துக்கும் வாசலுக்கும் நடுவே, புகையும் பனியும் ஒன்றாகிவிட்ட வெளிச்சத்தில், அக்காவும் அண்ணனும் ஏதோ ஒரு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தார்கள்.

"ரெண்டு பேர் மேலயும் கசப்பு கீது," என்றாள் அவரிடம். "ஜெபத்துல சொல்லிட்டா போயிடும்னு நெனச்சேன். சொன்னப்பறம்தான் எவ்ளோ கீதுன்னே தெரியுது. இத்த வச்சுக்கினு எப்டி ஓட்டுப் போடறது?"

அவர் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாகச் சொன்னார்: "என்ன எடுத்துக்கினு போற வழிக்காக நீ கசப்பு வச்சுக்காத. ஹைவேல சுத்திக்கினே எடுத்துக்கினு போ. போற லாரியில பாதி நான் இழுத்த கம்பிதான். பாத்துக்கினே போறேன்."

தேர்தலுக்கு முந்தின நாள் அவள் இரண்டு வீடுகளுக்கும் போனாள். பெரிய வீட்டில் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்களாம். பிரதர் வீட்டில் அவருடைய மனைவி வாசலிலேயே நிறுத்திவைத்தாளாம். "ஓட்டு கெடச்சா மன்னிப்பேன்னு பிரதரு உள்ளருந்தே சொன்னாரு," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் வெள்ளைப் புடவை, உபவாசம், தனி நடை. விரலில் மையோடு வந்தபோது அவள் முகம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. யாருக்கு என்று அண்ணன்கூட அன்று கேட்கவில்லை.

பிரதர் ஜெயித்தார், கொஞ்சம் ஓட்டில்தான். வெடி, மாலை, ஜெப வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். சுவர் அப்படியே நின்றது. கேட்டால், குத்தகை முடியட்டும் என்றார். பிறகு, யார்டின் சொந்தக்காரர்கள் வெளிநாடு போயிருக்கிறார்கள் என்றார். அதன் பிறகு எங்கள் தெரு வழியாக வருவதை விட்டுவிட்டார்.

அண்ணன் ஒரு காலையில், டீ ஆறுவதற்குள், நாற்காலியிலேயே போய்விட்டார்.

மதியம் பிரதர் பெரிய மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "யார்டு கேட்டத் தொறக்கச் சொல்லிட்டேன். இன்னிக்கு அண்ணன உள்ளாறயே எடுத்துக்கினு போலாம்." இன்னிக்கு என்ற சொல்லை அக்கா கேட்டுக்கொண்டாள்.

உருக்காலை நண்பர்கள் பறை அடித்தார்கள். ஜெப வீட்டுப் பெண்கள் பாடினார்கள். இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்தே வந்தன. யார்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் கன்டெய்னர்கள் மாடி மாடியாக, நீலம், துருச்சிவப்பு, பச்சை. மேலே எங்கள் எவருக்கும் வாசிக்கத் தெரியாத தேசத்து எழுத்துகள். பறைச் சத்தம் இரும்பில் பட்டுப் பட்டுத் திரும்பி, எங்களுக்கு முன்னால் வேறொரு ஊர்வலம் போவதுபோல இருந்தது. அண்ணன் போனார், நடுவில், பூக்களுக்கு அடியில், மூச்சு வாங்காமல். பின்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைத் தாண்டினால் ஏரிக்கரை. இவ்வளவுதான் அந்த வழி. ஒரு பாட்டின் நீளம்.

புதைத்துவிட்டுத் திரும்பினோம். முன் கேட்டில் பிரதர் நின்றிருந்தார். வடக்கத்திக்கார வாட்ச்மேன் சங்கிலியும் பூட்டுமாகக் காத்திருந்தார். கடைசி ஆளும் வெளியே வந்த பிறகு அக்கா மட்டும் கேட்டின் நடுவில் நின்றுவிட்டாள். பிரதர் என்ன நினைத்தாரோ, வழக்கம்போல இரண்டு கைகளையும் கோத்து, கண்ணை மூடி, தலையைக் குனிந்து நின்றார்.

அவள் கையைத் தூக்கவில்லை.

"கண்ணத் தொற தம்பி," என்றாள். "ஜெபம் பண்ணல. உன்னாண்டதான் பேசறேன்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பஸ் டிக்கெட் கேட்கிற குரலும் இல்லை, ஆண்டவரிடம் பேசுகிற குரலும் இல்லை.

"நான் உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன். கசப்பில்லாமப் போட்டேன். இந்தக் கேட்ட மூடாத."

ஜெப வீட்டுப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிரதர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தில் சொல்வதற்கு அவர் நாக்கில் பழகிய வார்த்தை எதுவும் இல்லை. மாலைச் சரட்டின் நூல் இன்னும் அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் புரியாத வாட்ச்மேன் அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிரதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டின் இரண்டு கதவுகளையும் சுவரோடு சுவராகச் சாய்த்து, அடியில் கதவுக்கொரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.